முள்ளும் தட்டும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஹார்ட்கோர் பங்க், மெட்டல் என்ற வேகமும் ஆவேசமும் கூடிய ராக் வகைகளின் இசைத்தட்டுகளைப் பற்றியவை. முப்பது வருடமாக நான் சேர்த்துக் கேட்டுவரும் இசை இது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகன் கறுப்பு வெள்ளை அட்டை போட்ட தட்டுகளாக வாங்கி வருகிறான். கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிறான். வெளியே எனக்குக் கேட்பது வெறும் இரைச்சல். இதில் ரசிக்க என்னதான் இருக்கிறது? (ஒரு தாய்)

அம்மா, கதவுக்கு வெளியே நின்றால் எந்த இசையும் இரைச்சலாகத்தான் கேட்கும். மரக்கதவு மேல் ஒலிகளை விழுங்கிவிட்டு அடி ஒலியை மட்டும் வெளியே விடும். ஒரு நாள் உள்ளே போய் அவன் பக்கத்தில் உட்காருங்கள்.

இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் ஊரைச் சேர்ந்த டிஸ்சார்ஜ் குழுவின் 1982 தட்டு அவனிடம் இருந்தால் அதைப் போடச் சொல்லுங்கள். முதல் தடவை பாடுவதைக் கவனிக்காதீர்கள், கிடாரையும் விட்டுவிடுங்கள். டிரம்ஸை மட்டும் கேளுங்கள். வழக்கமான ராக் தாளம் நேரே நடந்து போகும். இது ஓடுகிற ஒருவன் கால் இடறி, விழாமல் சமாளித்து, அந்த இடறலையே தாளமாக வைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடுவதைப் போல இருக்கும். இந்த அடிக்கு அந்தக் குழுவின் முதல் எழுத்தை வைத்து டி-பீட் என்றே பெயர் விழுந்துவிட்டது. ஸ்வீடனிலும் ஜப்பானிலும் இதே அடியை எடுத்துக்கொண்ட குழுக்கள் பெயரைக்கூட 'டிஸ்' என்று தொடங்கும்படி வைத்துக்கொண்டன. ஸ்வீடனின் டிஸ்ஃபியர், ஜப்பானின் டிஸ்குளோஸ் இரண்டும் அப்படி வந்தவை.

இரண்டாம் தடவை பாடல் வரித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். வரிகள் மிகக் குறைவு. ஒரு பாட்டுக்கு மூன்று நான்கு வரிதான் இருக்கும், அதுவும் திரும்பத் திரும்ப வரும். அணு ஆயுதப் போர் இன்றைக்கோ நாளைக்கோ என்று ஐரோப்பா பயந்திருந்த வருடங்கள் அவை. வெடித்த பிறகு என்ன மிஞ்சும் என்பதைத்தான் அந்தப் பாடகர் கத்துகிறார். அதைக் குழைத்துப் பாட முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒப்பாரியில் சுருதி சரியாக இருக்கிறதா என்று யாராவது பார்ப்பார்களா?

வாசிக்கத் தெரியாதவர்கள்தான் இப்படி வேகமாக அடிப்பார்கள் என்ற எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அமெரிக்காவின் வாஷிங்டனில் இந்த வேகத்தைத் தொடங்கி வைத்த பேட் பிரெயின்ஸ் குழுவினர் அதற்கு முன்பு ஜாஸும் ராக்கும் கலந்த, கைத்தேர்ச்சி கேட்கும் ஜாஸ் ஃப்யூஷன் வாசித்துக்கொண்டிருந்தவர்கள். 1980-ல் வந்த அவர்களுடைய முதல் சிங்கிளின் (ஓரிரு பாட்டு மட்டும் உள்ள சிறு தட்டு) பாட்டு ஒன்றரை நிமிடம்கூட ஓடாது. அவ்வளவு வேகத்திலும் நால்வரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள், ஒரே இடத்தில் புறப்படுகிறார்கள். விரல் பழகாதவர்களுக்கு அது கைவராது.

கேள்வி: அண்ணா, நான் புதிதாகத் தொடங்குகிறேன். எந்தத் தட்டிலிருந்து ஆரம்பிக்கலாம்? எல்லோரும் 'கட்டாயம் வேண்டும்' என்று நூறு பெயர் சொல்கிறார்கள்.

தம்பி, அந்த நூறு பெயரையும் ஓரமாக வையுங்கள். ஒரு ஊரையோ ஒரு லேபிளையோ (தட்டு வெளியிடும் நிறுவனம்) எடுத்துக்கொண்டு அதற்குள்ளேயே கொஞ்ச நாள் இருங்கள். நான் வாஷிங்டனின் டிஸ்கார்ட் லேபிளில் ஆரம்பித்தேன். உங்களுக்கும் அதையே சொல்வேன். ஏனென்று சொல்கிறேன்.

1980-ல் டீன் ஐடில்ஸ் என்று ஒரு குழு. பள்ளி முடித்தும் முடிக்காததுமான பையன்கள். ஒரு வருடம் வாசித்துவிட்டுக் கலைந்தார்கள். நிகழ்ச்சிகளில் வந்த காசைப் பிரித்துக்கொள்ளாமல் சேர்த்து வைத்திருந்தார்கள், சுமார் 600 டாலர். அதை ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகாமல், வாசித்ததற்கு அடையாளமாக ஒரு ஏழு அங்குலத் தட்டு போட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். அதற்காகத்தான் அந்த லேபிளே பிறந்தது. டிஸ்கார்டின் ஒன்றாம் எண் தட்டு அது: எட்டுப் பாட்டு, ஆயிரம் பிரதி.

உறை செய்ய அவர்களுக்கு வழி தெரியவில்லை. கையில் இருந்த ஒரு ஏழு அங்குல உறையின் ஒட்டைப் பிரித்து, விரித்து, அதன் வடிவத்தை அப்படியே தாளில் வரைந்துகொண்டார்கள். அச்சடித்த தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டினார்கள், ஆயிரத்தையும். அட்டையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு முஷ்டிகள், புறங்கையில் பெரிய எக்ஸ் குறி. வயது வராதவர்களுக்கு மது கொடுக்கக் கூடாது என்பதற்காக சான் பிரான்சிஸ்கோ கிளப் ஒன்றில் அவர்கள் கையில் போட்ட குறி அது. அதை அப்படியே தங்கள் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு அது குடிக்காதவர்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

அந்த முதல் ஆயிரத்தில் ஒன்று என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பது அந்தக் காலத்துச் சிறு தட்டுகளைச் சேர்த்துப் பின்னால் போட்ட தொகுப்பு. அதே பாட்டு, அதே படம். தங்கள் பழைய தட்டுகளை விலை ஏறட்டும் என்று பதுக்காமல் திரும்பத் திரும்ப அச்சிட்டுக் கிடைக்கச் செய்துகொண்டிருக்கும் லேபிள் அது. மறுபதிப்பு வாங்குவதில் எந்தக் குறைவும் இல்லை. மைனர் த்ரெட் குழுவின் ஆரம்பச் சிறு தட்டுகள், அப்புறம் ஃபெய்த், வாய்டு என்ற இரண்டு குழுக்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்துக்கொண்ட 1982 தட்டு. இவற்றை ஆறு மாதம் கேளுங்கள். அந்த வாய்டு பக்கத்தில் கிடார் எந்த நிமிடமும் கையை விட்டுப் போய்விடும்போல வாசிக்கப்பட்டிருக்கும். ஹார்ட்கோர் எங்கே முடிகிறது, மெட்டல் எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

கேள்வி: முதல் பதிப்புதானா, பிற்காலத்து அச்சா, கள்ளப் பிரதியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தட்டை விளக்கின் கீழ் சாய்த்துப் பிடியுங்கள். கடைசிப் பாட்டு முடியும் இடத்துக்கும் நடு லேபிளுக்கும் (தட்டின் நடுவே ஒட்டிய வட்டத் தாள்) இடையே வழவழப்பாக ஒரு வளையம் இருக்கும். சேகரிப்பாளர்கள் அதை டெட் வாக்ஸ் என்பார்கள். தட்டை மெல்லத் திருப்பினால் அதில் எழுத்தும் எண்ணும் தெரியும். சில இயந்திரத்தில் அடித்தவை, சில மூலத்தகட்டைச் செதுக்கிய ஆள் கையாலேயே கீறியவை. அட்டையை நகல் எடுக்கலாம், லேபிளை நகல் எடுக்கலாம். அந்தக் கையெழுத்தை அதே சாய்வோடு அதே இடத்தில் கீறுவது கஷ்டம். வாங்கும் முன் அந்த வளையத்தின் படத்தைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். ஒவ்வொரு பதிப்புக்கும் அந்த எண்கள் என்ன என்பதை 2000-ல் தொடங்கிய டிஸ்காக்ஸ் தளத்தில் சேகரிப்பாளர்களே பதிந்து வைத்திருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

இந்த ஐந்து நிமிடத்தை நான் ஒரு தடவை செலவழிக்காமல் விட்டேன். எண்பதுகளின் ஸ்வீடன் ஹார்ட்கோர் சிறு தட்டு ஒன்று, ஒரு தபால் விற்பனையாளர் மூலம் வந்தது. உறையைத் தொட்டபோதே தாள் கொஞ்சம் வழுக்கியது. மனம் ஏற்கவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அட்டைப் படத்தின் புள்ளிகளுக்கு மேலே இன்னொரு புள்ளி வலை குறுக்கே ஓடியது. அச்சான அட்டையைப் படமெடுத்து மறுபடி அச்சிட்டால் இப்படித்தான் வரும். எழுத்துகளின் ஓரம் நுரைத்தாற்போல் இருந்தது. தட்டின் வளையத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் வழவழப்பு. இரண்டு மாதம் கடிதம் எழுதியும் பதில் வரவில்லை. அந்தத் தட்டை நான் எறியவில்லை. பாட்டு அதே பாட்டுதான். ஆனால் உறையின் உள்பக்கத்தில் பென்சிலால் 'கள்ளப் பிரதி' என்று எழுதி வைத்திருக்கிறேன், எனக்குப் பிறகு யாரும் ஏமாறக் கூடாது.

சில சமயம் பிழையே அடையாளம் ஆகும். மெட்டல் பிளேட் லேபிளின் முதல் தொகுப்புத் தட்டு 1982-ல் வந்தபோது, அப்போது யாருக்கும் தெரியாத மெட்டாலிகா என்ற குழுவின் பெயரை ஒரு 'டி' கூடுதலாகப் போட்டு அச்சிட்டுவிட்டார்கள். அடுத்தடுத்த அச்சுகளில் திருத்திவிட்டார்கள். பிளாக் ஃப்ளாக் குழுவின் 1981 ஆல்பத்துக்கு ஒட்டுத்தாள்தான் அடையாளம். அதை விநியோகிக்க வேண்டிய பெரிய நிறுவனத்தின் தலைவர் தட்டைக் கேட்டுவிட்டு, ஒரு பெற்றோராகப் பார்த்தால் இது பெற்றோருக்கு எதிரான தட்டு என்று சொல்லி விநியோகிக்க மறுத்தார். அட்டைகளோ அந்த நிறுவனத்தின் சின்னத்தோடு ஏற்கெனவே அச்சாகிவிட்டன. குழு என்ன செய்தது? அவர் சொன்ன அதே வாக்கியத்தை ஒட்டுத்தாளாக அடித்து, அந்தச் சின்னத்தின் மேலேயே ஒட்டியது.

எனக்கு மிகவும் பிடித்தது க்ராஸ் குழுவின் முதல் தட்டின் கதை. அதன் முதல் பாட்டு மதத்தை நிந்திக்கிறது என்று சொல்லி, அயர்லாந்தில் இருந்த தட்டு ஆலையின் தொழிலாளர்கள் அதை அழுத்தித் தர மறுத்துவிட்டார்கள். குழு அந்தப் பாட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரண்டு நிமிட மௌனத்தை வைத்தது. அதற்குப் 'பேச்சுரிமையின் ஓசை' என்ற பொருளில் பெயரும் போட்டது. பின்னால் தங்கள் சொந்த லேபிளில் மறுபடி போட்டபோது பாட்டைத் திரும்பச் சேர்த்தார்கள். ஆகவே முள்ளை வைத்ததும் நிசப்தம் வந்தால் ஸ்பீக்கரைச் சோதிக்க எழுந்துவிடாதீர்கள். முதல் பதிப்பு என்பதற்கு அந்த நிசப்தம்தான் அத்தாட்சி. அந்த மௌனத்தை நான் ஒவ்வொரு தடவையும் முழுசாகக் கேட்கிறேன். முள் சுற்றும் லேசான சரசரப்பு, அப்புறம் திடீரென்று அடுத்த பாட்டு.

கேள்வி: வண்ணத் தட்டுகள் கறுப்பைவிட மட்டமாக ஒலிக்குமா?

நன்றாக அழுத்திய வண்ணத் தட்டுக்கும் கறுப்புக்கும் என் காதில் வித்தியாசம் இல்லை. வினைலுக்கு இயல்பாக நிறம் கிடையாது, கறுப்பும் சேர்க்கும் சாயம்தான். படம் பதித்த தட்டு மட்டும் வேறு. படத்தின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் முள் ஓடும் பள்ளமான வரி விழுவதால் இரைச்சல் அதிகம். அதைச் சுவருக்கு வாங்கலாம், முள்ளுக்கு வேண்டாம்.

கேள்வி: என்னிடம் உள்ள ஏழு அங்குலத் தட்டு ஒன்று மிகவும் சன்னமான சத்தத்தில் கேட்கிறது. பக்கத்துக்குப் பத்துப் பாட்டுக்கு மேல் இருக்கிறது. தட்டில் கோளாறா?

கோளாறு இல்லை, இடம் போதவில்லை. சத்தமான ஒலி என்றால் வரி அகலமாக அலைய வேண்டும். அகலமாக அலைந்தால் பக்கத்து வரியில் போய் இடிக்கும். நிறைய நிமிடங்களைச் சிறிய தட்டில் அடக்க வேண்டுமானால் வரிகளை நெருக்க வேண்டும், நெருக்கினால் ஒலியைக் குறைக்க வேண்டும். மூன்றையும் ஒன்றாகப் பெற முடியாது.

இதற்குப் பெயர்பெற்ற தட்டு, டெக்சாஸின் ஹூஸ்டனைச் சேர்ந்த டி.ஆர்.ஐ. குழு 1983-ல் போட்டது. ஏழு அங்குலத்தில் 22 பாட்டு! பன்னிரண்டு அங்குலத் தட்டு போடக் காசில்லாத பையன்கள், எழுதிய எல்லாவற்றையும் இருக்கிற இடத்தில் திணித்தார்கள். பின்னால் அதே பாட்டுகளைப் பெரிய தட்டில் போட்டபோது வரிக்கு இடம் கிடைத்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டிருக்கிறேன். பெரியதில் பேஸ் தெளிவாக வருகிறது. சிறியதில் எல்லாம் ஒரே அறையில் முட்டிக்கொண்டு நிற்கிறது. நான் அதிகம் எடுப்பது சிறியதைத்தான். அவசரம் அதில்தான் இருக்கிறது.

உங்கள் தட்டுக்கு ஒன்று செய்யுங்கள்: முள்ளைச் சுத்தம் செய்துவிட்டு ஒலியைத் தாராளமாகக் கூட்டுங்கள். தட்டின் சத்தம் குறைவாக இருந்தால் தூசியின் ஒலி அதோடு சேர்ந்து மேலே வரும் என்பதால், இப்படிப்பட்ட தட்டுக்குச் சுத்தம் ரொம்ப முக்கியம்.

கேள்வி: நேபாம் டெத் குழுவின் முதல் ஆல்பத்தில் இரண்டு பக்கமும் இரண்டு வெவ்வேறு குழுக்கள்போல் கேட்கிறதே, எனக்கு மட்டும்தான் அப்படியா?

உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது. 1987-ல் இயரேக் லேபிளில் வந்த அந்தத் தட்டின் முதல் பக்கத்தை 1986-ல் பதிவு செய்தார்கள், இரண்டாம் பக்கத்தை 1987-ல். இடையில் குழு கலைந்து சேர்ந்தது. இரண்டு பக்கத்திலும் இருப்பவர் டிரம்ஸ் வாசித்த மிக் ஹாரிஸ் ஒருவர்தான். முதல் பக்கக் கிடார்காரர் ஜஸ்டின் பிராட்ரிக் பிறகு காட்ஃப்ளெஷ் குழுவைத் தொடங்கினார். இரண்டாம் பக்கக் கிடார்காரர் பில் ஸ்டீர் கார்கஸ் குழுவில் வாசித்தார், பாடிய லீ டோரியன் கதீட்ரல் குழுவைத் தொடங்கினார். ஒரே தட்டில் மூன்று பாதை பிரிகிறது. முதல் பக்கத்தின் கடைசியில் வரும் ஒன்றேகால் நொடிப் பாட்டு, உலகிலேயே மிகச் சிறிய பாட்டு என்று கின்னஸில் ஏறியது. அதைத் தனியாகக் கேட்டால் வேடிக்கையாகத்தான் இருக்கும். பக்கம் முழுவதையும் கேட்டுவிட்டு அந்த இடத்துக்கு வாருங்கள். அத்தனை பாட்டுக்கும் பிறகு பக்கம் ஒரே அடியாக முடிவது அப்போதுதான் தெரியும்.

கேள்வி: தட்டுகளை எப்படிப் பாதுகாப்பது? கனமான, பளபளப்பான பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறேன், போதுமா?

இன்றைக்கே அந்த உறைகளைக் கழற்றிவிடுங்கள். எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்க வேண்டாம்.

பல வருடத்துக்கு முன் என் சிறு தட்டுகளில் மிகவும் நேசித்த நாற்பதை எடுத்து, கண்ணாடிபோல் இருந்த கனமான பி.வி.சி. உறைகளில் போட்டு வைத்தேன். மரியாதை செய்கிறேன் என்று நினைத்தேன். வீடு மாற்றும்போது பெட்டியில் கட்டி வைத்தவற்றை மூன்று கோடை கழித்துத்தான் திறந்தேன். தட்டை வெளியே எடுத்தால் மேலே பால் சிந்திக் காய்ந்தாற்போல் ஒரு மங்கல். துணியால் துடைத்தேன், போகவில்லை. கழுவினேன், போகவில்லை. உள்ளுறையில் விரல் நுழைக்க அரைவட்டமாக வெட்டியிருப்பார்களே, அந்த வடிவத்திலேயே கறை தட்டில் படிந்திருந்தது. முள்ளை வைத்தால் அந்த இடம் வரும்போதெல்லாம் மணல் உரசுவதுபோல் 'ஸ்ஸ்' என்று ஒரு ஓசை, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை. நாற்பதில் பதினொன்று அப்படிப் போயின.

காரணம் இதுதான். பி.வி.சி. உறையை நெகிழ்வாக்க அதில் சேர்க்கும் ரசாயனம் நாளடைவில் வெளியே கசியும், வெப்பத்தில் இன்னும் வேகமாக. அது தட்டின் மேல்பரப்போடு வினைபுரிந்துவிட்டால் மீட்க வழியில்லை. பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன் உறை வாங்குங்கள். தொட்டால் மெல்லியதாக இருக்கும், கசக்கினால் சத்தம் போடும், பிசுபிசுக்காது. அது போதும்.

மற்றபடி, நிமிர்த்தி வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், வெயில் படும் சுவரை விட்டு விலக்கி வையுங்கள். கழுவுவதானால் காய்ச்சி வடித்த நீர், நடு லேபிள் நனையக் கூடாது. தாள்போல் மெல்லியதாய் வளையும் ஃப்ளெக்ஸி தட்டு முள்ளுக்கடியில் வழுக்கினால் லேபிள் மேல் ஒரு நாணயத்தை வைத்து ஓட்டுங்கள்.

கேள்வி: டெமோ (மாதிரிப் பதிவு) கேசட்டுகளையும் சேர்க்கலாமா? அவை தட்டுக்கு ஈடாகுமா?

சேருங்கள். இந்த இசையின் பாதி கேசட்டில்தான் பிறந்தது. பேட் பிரெயின்ஸின் முதல் ஆல்பமே 1982-ல் கேசட்டாக மட்டும்தான் வந்தது. எண்பதுகளில் உலகம் முழுவதும் மெட்டல் பரவியது கடிதத்தாலும் கேசட்டாலும்தான். ஒருவர் தன்னிடம் உள்ள டெமோக்களின் பட்டியலை அனுப்புவார், மற்றவர் தன் பட்டியலை அனுப்புவார், ஆளுக்கு ஒன்றைப் பதிந்து மாற்றிக்கொள்வார்கள். தபால் தலைமேல் சோப்பையோ பசையையோ தடவி அனுப்பி, முத்திரையைக் கழுவிவிட்டு அதே தலையை மறுபடி பயன்படுத்திய காலம். அஞ்சல் துறைக்கு அது நியாயமில்லைதான். ஆனால் கையில் காசில்லாத பிள்ளைகளின் இசை கடல் தாண்டிய விதம் அதுவே.

டெட் கென்னடிஸ் குழுவினர் 1981-ல் போட்ட கேசட் ஒன்றின் இரண்டாம் பக்கத்தைக் காலியாக விட்டார்கள். வீட்டில் கேசட் பதிவதால் இசைத்தொழிலின் லாபம் சாகிறது, நீங்களும் அதற்கு உதவலாம் என்றுதான் இந்தப் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறோம் என்ற பொருளில் அதில் அச்சிட்டிருந்தார்கள். அப்படி ஒரு கேசட் கிடைத்தால் அந்தக் காலிப் பக்கத்தையும் ஓட்டிப் பாருங்கள். முன்பு வைத்திருந்தவர் எதைப் பதிந்து வைத்தாரோ, அது உங்களுக்கும் சேர்த்துக் கிடைக்கும்.

கேசட் வந்தவுடன் ஒரு தடவை கணினியில் பதிந்துவிடுங்கள். நாடா என்றென்றும் இருக்காது.

கேள்வி: இவற்றை முதலீடாக வாங்கலாமா?

வேண்டாம். நியூயார்க்கின் ஜட்ஜ் குழு 1989-ல் ஒரு ஆல்பம் பதிவு செய்தது. ஒலி பிடிக்காததால் கைவிட்டு, வேறு ஸ்டூடியோவில் முழுதும் மறுபடி பதிவு செய்தார்கள். கைவிட்ட பதிவை, முன்பதிவு செய்து காத்திருந்தவர்களுக்கு நன்றியாக 110 பிரதி மட்டும் அழுத்திக் கொடுத்தார்கள். இன்று அந்தத் தட்டு பெரிய தொகைக்குக் கை மாறுகிறது. குழுவே நன்றாக வரவில்லை என்று சொன்ன பதிவு! நல்லதாக வந்த பதிவை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். விலை எதைப் பின்தொடர்கிறது என்பது உங்களுக்கே தெரியும். க்ராஸ் குழு உறையிலேயே 'இதற்கு மேல் கொடுக்காதீர்கள்' என்று விலையை அச்சிட்டது. அந்த உறைகள் ஏலத்தில் போகும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: வெறுப்பைப் பரப்பும் குழுக்களின் தட்டுகளை 'வரலாறு' என்று சொல்லி வைத்துக்கொள்ளலாமா?

நான் வாங்குவதில்லை, விற்பதில்லை, மாற்றிக்கொள்வதும் இல்லை. இசை நன்றாக இருக்கிறதே என்ற வாதத்தை நிறையக் கேட்டுவிட்டேன். அந்தக் காசு எங்கே போகிறது என்று யோசியுங்கள். இந்தச் சண்டை இந்த இசைக்குள் புதியதும் அல்ல. 1981-லேயே டெட் கென்னடிஸ் நாஜிக் கொள்கை பேசும் பங்க் ரசிகர்களை வெளியே போகச் சொல்லி ஒரு சிங்கிள் போட்டது. ஸ்வஸ்திகாவைக் குறுக்கே அடித்த கைப்பட்டை ஒன்றையும் அதோடு கொடுத்தது. பழைய தட்டு என்பதாலேயே எல்லாம் காப்பாற்றத் தகுந்தது ஆகிவிடாது.

கேள்வி: சென்ற வருடம் அண்ணன் இறந்துவிட்டார். அவர் அறையில் ஒரு பெட்டி நிறைய ஏழு அங்குலத் தட்டுகள் இருக்கின்றன. உள்ளே கடிதங்கள், மடித்த தாள்கள், ஒட்டுத்தாள்கள். சில தட்டுகள் பிரேசில், பின்லாந்து, ஜப்பானிலிருந்து வந்தவை. எனக்கு இந்த இசை தெரியாது. ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். என்ன செய்ய? (ஒரு தங்கை)

அம்மா, முதலில் என் வருத்தத்தைச் சொல்லிக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தை நான்கைந்து தடவை படித்தேன்.

மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்றவருக்கு இப்போதைக்கு இல்லை என்று சொல்லுங்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் பெட்டியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாமல் அது வீட்டை விட்டுப் போகக் கூடாது. ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஐந்து தட்டு போதும். அட்டையில் உள்ளதை எழுதுங்கள், நடு லேபிளில் உள்ளதை எழுதுங்கள், உள்ளே என்னென்ன தாள் இருக்கிறது என்று எழுதுங்கள்.

எந்தத் தாளையும் அதன் உறையிலிருந்து பிரித்து வேறு இடத்தில் வைக்காதீர்கள். இந்தத் தட்டுகளில் பாடல் வரித்தாள், சுவரொட்டி, லேபிளின் விலைப்பட்டியல் எல்லாம் தட்டோடு சேர்ந்தவை. அந்தத் தாள் இல்லாவிட்டால் தட்டு முழுமை இல்லை என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். கடிதங்கள் அதைவிட முக்கியம். பிரேசிலிலிருந்து வந்த தட்டு என்கிறீர்கள். பெலோ ஒரிசோன்டே நகரத்தில் கொகுமெலோ என்ற தட்டுக்கடை, தானே லேபிளாகி 1985-ல் செபுல்துரா, ஓவர்டோஸ் என்ற இரண்டு குழுக்களை ஒரே தட்டில் போட்டது. அந்த ஊர்க் குழுக்களின் இசை வெளிநாட்டு ரசிகர் கைக்குப் போனதில் பெரும்பங்கு இப்படிப்பட்ட கடிதங்களுக்குத்தான். உங்கள் அண்ணன் யாருக்கோ எழுதியிருக்கிறார், அவர்கள் பதில் எழுதித் தட்டை உள்ளே வைத்து அனுப்பியிருக்கிறார்கள். எந்தக் கடிதம் எந்தத் தட்டோடு வந்தது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த வரிசையைக் கலைத்துவிட்டால் திரும்ப யாராலும் சேர்க்க முடியாது.

தட்டு ஓட்டும் கருவி வீட்டில் இருந்தால் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். எதை என்று தெரியாவிட்டால், ஓரம் மிகவும் தேய்ந்த உறையைத் தேடுங்கள். நிறைய தடவை வெளியே எடுத்ததால் உறையின் திறப்பு வாய் கிழிந்திருக்கும், நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் கருவியின் நடு முளையைத் தேடிய கீறல்கள் மெல்லிய கோடுகளாகத் தெரியும். அவர் அதிகம் கேட்டது அதுதான். வேகம் நிமிடத்துக்கு 33 சுற்றா 45 சுற்றா என்று லேபிளில் இல்லையென்றால் இரண்டிலும் போட்டுப் பாருங்கள். பாடுபவரின் குரல் மனிதக் குரலாகக் கேட்கும் வேகம் சரி.

பட்டியலை முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். ஒவ்வொன்றும் என்ன, யார் போட்டது, அண்ணன் ஏன் தேடியிருப்பார் என்று எனக்குத் தெரிந்த வரையில் பக்கத்தில் எழுதித் திருப்பி அனுப்புகிறேன். அதற்குப் பிறகு வைத்துக்கொள்வதா, கொடுப்பதா என்று நீங்கள் முடிவு செய்யலாம். அதுவரை பெட்டியைத் தரையிலிருந்து ஒரு பலகை உயரத்தில், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள்.